ரமணய்யாவின் லாரியும் நான் கழற்றிய மூடியும்

சதீஷ்,

நீ புனேவுக்கு ரயிலேறி இரண்டு மாதம் முடியப்போகிறது. தினமும் போனில் பேசிக்கொள்கிறோம். சாப்பிட்டாயா என்று நான் கேட்கிறேன், சாப்பிட்டேன் என்று நீ சொல்கிறாய், அம்மாவிடம் கொடு என்கிறாய், கொடுத்துவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டுதான் போனை உன் அம்மாவிடம் நீட்டுகிறேன். அதனால் எழுதுகிறேன். இரும்புக் கம்பி மில்லில் இருந்த இருபத்தெட்டு வருஷத்தில் லீவு லெட்டரைத் தவிர நான் எதையும் எழுதியதில்லை. முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள். பாதியில் கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு, ஷிப்டு முடித்து வந்து மீதியைப் படி. ஆனால் மீதியைப் படி.

ரமணய்யா மாமாவின் லாரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அவருடைய அண்ணன் செங்கல் ஏற்றி ஓட்டிய ஆறு சக்கர வண்டி. அண்ணன் இறந்தபிறகு, கவரப்பேட்டை தாண்டி மூடிக்கிடக்கும் அரிசி ஆலை முற்றத்தில் எட்டு வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்றது. முதல் ஞாயிற்றுக்கிழமை நாம் மூன்று பேரும் அதைப் பார்க்கப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். நீ கேபின் கதவை இழுத்தாய். கைப்பிடி மட்டும் உன் கையோடு வந்துவிட்டது. தரைத் தகட்டில் இருந்த ஓட்டை வழியாக ஒரு ஆமணக்குச் செடி முளைத்து ஸ்டியரிங் வரைக்கும் வளர்ந்திருந்தது. "மாமா, இத்த காயலாங்கடைக்காரன்கூட எடுத்துக்கினு போவ மாட்டான்" என்று சிரித்தாய். அவர் வண்டிக்கு அடியில் படுத்து, சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "சேசிஸ் கெட்டியா கீது நைனா. மேலதான் துரு" என்றார். ஆரம்பாக்கத்துத் தெலுங்குக்காரர், தன்னைவிடச் சின்னவர்கள் எல்லாரும் அவருக்கு நைனாதான். அதை ஓட வைத்து உன் கையில் கொடுத்துவிட வேண்டும், நீ தகடு அமுக்கும் பிரஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வாடகைக்கு ஓட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. "எங்க ரெண்டு பேர இரும்பு கடிச்சது போதும்" என்பார். அதில் என்னையும் சேர்த்துக்கொள்வார். எனக்கு இருப்பது கெண்டைக்காலில் ஒரு தழும்பு. அவருக்கு வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான் மிச்சம்.

அதற்குப்பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். நீ கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்ப்பாய், நான் இறுகிப்போன போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைப்பேன், மாமா இடது கையால் ஸ்பேனர் பிடித்து, வலது கையின் இரண்டு விரலால் நட்டைத் திருகி எடுப்பார். பத்து மணிக்கு உன் அம்மா கொடுத்தனுப்பிய இட்லியைத் தின்போம். அப்போதுதான் கதை ஆரம்பிக்கும். மில்லில் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் வேறு என்ன கதை வரும்? என் கதையை நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய். உருளையிலிருந்து வெளியே வந்த சிவந்த கம்பி, பாதை தவறி, பாம்பு மாதிரி தரையில் ஓடி என் காலைச் சுற்ற வந்ததையும், நான் தண்ணீர்த் தொட்டிக்குள் குதித்ததையும், தொட்டிக்குள் ஏற்கெனவே ஃபோர்மேன் உட்கார்ந்திருந்ததையும் நான் நடித்துக் காட்டுவேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

மாமாவின் கதை அதைவிடப் பெரிய சிரிப்பு. கம்பி வெட்டும் மெஷினில் அவருடைய மூன்று விரல் போன கதை. "வெரலு மூணும் கிளவுஸுக்குள்ளவே கீது. நான் இன்னா நெனச்சேன், கிளவுஸ்தான் கீஞ்சிபோச்சின்னு நெனச்சேன். ஸ்டோர்ல வேற கிளவுஸ் தருவானா மாட்டானான்னு ஒரே யோசன" என்று தொடங்குவார். பிறகு ஸ்டேஷன் வாசல் கரும்புச்சாறு கடையில் ஐஸ் வாங்கி, டிபன் பாக்ஸில் விரல்களை வைத்து, சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. டாக்டர் பாக்ஸைத் திறந்து, "இன்னாய்யா, உள்ள எலுமிச்சம்பழத் தோலு கீது?" என்று கேட்டது. அதைச் சொல்லும்போது மாமாவே கண்ணில் நீர் வரச் சிரிப்பார். கடைசியில் என் தோளில் தட்டி, "அந்த பாக்ஸ எடுத்துக்கினு ஓடுனது உங்க அப்பாதான் நைனா. ஷிப்டு முடிஞ்சி சைக்கிள் எடுக்கப் போன மனுசன், கத்தல் கேட்டுத் திரும்பி ஓடியாந்தாரு. வெரலு ஒட்டல. ஆனா அண்ணன் ஓடுன ஓட்டத்த நான் மறக்க மாட்டேன்" என்பார். நீ என்னைப் பெருமையாகப் பார்ப்பாய். நான் குனிந்து இட்லி தின்றுகொண்டிருப்பேன். ஒரு நாள் உன் அம்மா சாப்பாடு கொண்டுவந்தபோது இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "இதுல சிரிக்க இன்னா கீது? வெரலு போனத சொல்லிக்கினு சிரிக்கிறீங்க, மூணு பேரும்" என்று கடிந்துகொண்டு போனாள். அதற்கும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்புதான் உன்னைக் கெடுத்ததோ என்று இப்போது நினைக்கிறேன். பயப்பட வேண்டிய விஷயத்தையெல்லாம் உனக்கு வேடிக்கையாகக் காட்டிவிட்டோம். இரும்பில் வேலை செய்தால் ஏதாவது ஒன்று ஆகும், அப்புறம் அதை ஒரு கதையாக்கிச் சொல்லிக்கொள்ளலாம் என்று உனக்குத் தோன்றியிருந்தால் அதற்கு நாங்கள்தான் காரணம்.

பங்குனி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ அன்றைக்கு வந்ததும் பிரஷ்ஷை எடுத்தாய். கேபினின் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். துரு போய், வெள்ளைத் தகடு தெரிந்தபிறகும் தேய்த்தாய். மாமாதான் பிரஷ்ஷைப் பிடுங்கி, "தகட்ல ஓட்ட போட்டுடுவ போல கீதே. இன்னா ஆச்சி?" என்று கேட்டார். நீ தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். பிரஸ்ஸில் கை உள்ளே போனால் மெஷினை நிறுத்திவிடும் சென்சார், இரண்டு நாளாகச் சும்மா சும்மா நிறுத்திக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் உன் தலைமேல் நின்று கத்தினான். நீ ஒரு வயரைப் போட்டு சென்சாரை ஏமாற்றி ஓட வைத்தாய். சாயங்காலம் சரிசெய்துவிடலாம் என்று இருந்தாய். மத்தியானமே சுதாமின் கை உள்ளே மாட்டிக்கொண்டது. ஒடிசாவிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத பையன். இரண்டு விரல் போய்விட்டது. "சென்சார் ஓடுதுன்னு நெனச்சி கைய உட்டான் மாமா. நான்தான் அத்த ஏமாத்தி வெச்சேன். நான்தான்" என்றாய். விசாரணையில் கேட்டார்களா என்று அவர் கேட்டார். "சூப்பர்வைசர் அதுக்கு முன்னாடியே வயர அறுத்துட்டாரு. கவனமில்லாம கைய உட்டுட்டான்னு எழுதிட்டாங்க. நீ வாய மூடிக்கினு இருன்னாரு. இருந்துட்டேன்" என்றாய்.

மாமா மண்ணெண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். அந்த இரண்டு விரல் கையை உன் தோளில் வைத்தார். "தப்புதான் நைனா. பெரிய தப்பு. ஆனா நீ வாயத் தொறந்து சொல்லிட்ட. என் மெஷின்ல மூடியக் கழட்டினவன் எவன்னு எனக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. நானே கழட்டிக்கினேன்னு எழுதி என்ன வேலைய உட்டு அனுப்பிச்சாங்க. எவனோ ஒருத்தன் ஊட்ல குந்திக்கினு சோறு துன்னுக்கினு கீறான், ஒருத்தன் கழட்டினான்னு எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது, அவன் யாருன்னு எனக்கும் தெரியாது" என்றார். பிறகு உன்னிடம், "அந்தப் பையனப் போய்ப் பாரு. திட்டுவான். நின்னுக்கினு வாங்கிக்க" என்றார்.

அப்போது நான் உங்களுக்கு மூன்றடி தள்ளி, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏற்கெனவே இறுக்கிவிட்ட நட்டைத் திரும்பவும் இறுக்கிக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்தாய். அப்பா ஏதாவது சொல்வார் என்று பார்த்தாய். நான் நிமிரவில்லை.

மூடியைக் கழற்றியவன் நான்தான், சதீஷ்.

கத்திக்கு முன்னால் கை போகாமல் தடுக்கும் இரும்பு மூடி அது. துண்டுக் கம்பிகள் அதில் சிக்கிச் சிக்கி மெஷின் நின்றுகொண்டிருந்தது. ஃபோர்மேன் கத்தினான். நான் ஃபிட்டர்; நாலு போல்ட்டைக் கழற்றி மூடியைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். ஷிப்டு முடியும்போது திரும்ப மாட்டிவிட நினைத்தேன். சங்கு ஊதியது, மறந்துவிட்டேன். சட்டை மாற்றிக்கொண்டு சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோதுதான் அடுத்த ஷிப்டுக்கு வந்த ரமணய்யாவின் கத்தல் கேட்டது. நான் ஏன் அப்படி ஓடினேன் என்று இப்போது உனக்குப் புரியும். மூன்றாம் நாள் ஆபீசில் கூப்பிட்டுக் கேட்டார்கள். நான் கிளம்பும்போது மூடி இருந்தது என்று சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியத்தில் ரமணய்யாவுக்கு வேலை போனது. இன்றைக்கு வரைக்கும் குடோன் வாட்ச்மேனாக இருக்கிறார். நீ அப்போது மூன்று மாதக் குழந்தை. உனக்காகத்தான் பொய் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உன்மேல் அந்தப் பழியைப் போடக் கூடாது. எனக்குப் பயம். உன்னிடம் சொன்னதுபோல என்னிடம் எந்த சூப்பர்வைசரும் வாயை மூடச் சொல்லவும் இல்லை. நானாகவே மூடிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ சுதாமைப் பார்க்கப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பிவிட்டதாக அம்மாவிடம் சொன்னாயாம். பத்து நாளில் கான்ட்ராக்டர் அவனை ஊருக்கு ரயிலேற்றிவிட்டான். நீ அந்தக் கம்பெனிக்குள் கால் வைக்க முடியாமல் புனேவில் வேலை தேடிக்கொண்டாய். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு உன்னோடு நானும் வந்தேன். கும்மிடிப்பூண்டி லோக்கலில் நாம் எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். மீஞ்சூர் வருவதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு பேசின் பிரிட்ஜ் வருவதற்குள். பிளாட்பாரத்தில் நின்றபோது நீயே கேட்டாய்: "அப்பா, அந்த மூடியக் கழட்டின ஆளு எப்பிடிப்பா இத்தினி வருசம் தூங்கியிருப்பான்?" உனக்காகத்தான் நீ கேட்டாய், எனக்குத் தெரியும். அந்த ஆளால் தூங்க முடிந்ததென்றால் உன்னாலும் ஒரு நாள் முடியும் என்று என் வாயால் கேட்க விரும்பினாய். நான் என்ன சொன்னேன்? "தண்ணி பாட்டில் வாங்கிக்கினியா?" என்றேன். வண்டி நகர்ந்துவிட்டது. இப்போது பதில் சொல்கிறேன். தூங்கினான். நன்றாகத்தான் தூங்கினான். கல்யாணங்களுக்குப் போனான், சிரித்தான், அந்த மனிதன் பக்கத்திலேயே உட்கார்ந்து இட்லி தின்றான். அதுதான் இதில் இருக்கும் பெரிய ஆபத்து. வலிக்காமல் போய்விடுகிறது. உனக்கு இன்னும் வலிக்கிறது என்று உன் குரலிலேயே தெரிகிறது. அது போவதற்குள் ஏதாவது செய்.

நீ போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ரமணய்யாவிடம் சொல்லிவிட்டேன். ரேடியேட்டரை ஆளுக்கொரு பக்கம் தூக்கிப் பிடித்துப் பொருத்திக்கொண்டிருந்தோம். போல்ட்டு மாட்டிக் கையை எடுத்ததும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "ரமணா, மூடியக் கழட்டினது நான்தான்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எந்த மூடி என்று கேட்கவில்லை. "எந்த ஸ்பேனர்ல?" என்று கேட்டார். எதற்கு அதைக் கேட்டார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "பத்தொம்போது" என்றேன். தலையாட்டினார். "பாக்ஸ எடுத்துக்கினு ஓடும்போது தெரியும் உனக்கு" என்றார். ஆமாம் என்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக என்னை நீ என்று கூப்பிட்டார். கையைக் கழுவினார், சட்டையைப் போட்டார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ரோடு வரைக்கும் போனார். ஏறி மிதிக்கவில்லை. நான் அவர் பின்னால் போகவில்லை. போய் என்ன சொல்வது?

மூன்று ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. நான் தனியாகப் போய் லாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி வாசலிலேயே நின்று, "அவரு தூங்குறாரு அண்ணா" என்றாள். உள்ளே டிவியைச் சத்தமாக வைத்தது கேட்டது. நாலாவது ஞாயிற்றுக்கிழமை வந்தார். நான் எழுந்து நின்றேன். "வண்டி எங்க அண்ணன்து. அதுக்குதான் வந்தேன். உங்கூட பேசுறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். அன்றிலிருந்து வாரா வாரம் வருகிறார். ஸ்பேனர் வேண்டுமென்றால் கையை நீட்டுகிறார், கொடுக்கிறேன். வீட்டிலிருந்து கொண்டுபோகும் இட்லியைத் தொடுவதில்லை. போன வாரம் இன்ஜின் ஓடிவிட்டது, சதீஷ். எட்டு வருஷத்துக்குப் பிறகு கறுப்பாகப் புகை கக்கி, முற்றமே அதிர ஓடியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ஏறி அணைத்தார், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வண்டி ஓடலாம்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எஃப்.சி. இதுக்குத் தருவானா இல்லியா தெரியல. தந்தா பையன் வந்து கேட்டா அவன் கையில குடுப்பேன்" என்றார். உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவும் மாட்டார். மன்னித்துவிட்டார் என்று நினைக்காதே. நான் சொல்லியதால் எனக்குப் பாரம் இறங்கியது என்றும் நினைக்காதே. சொந்த அண்ணன் போனபிறகு அவர் அண்ணன் என்று கூப்பிட்டது என்னைத்தான்; அந்த அண்ணனையும் நான் இல்லாமல் ஆக்கிவிட்டேன், அவ்வளவுதான். ஆனாலும் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று ஒரு நாளும் தோன்றவில்லை. முதல் மாதமே சொல்லியிருந்தால் அவருக்கு அந்த வேலையாவது திரும்பக் கிடைத்திருக்கும். இருபத்துமூன்று வருஷம் கழித்துச் சொன்னதால் அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அதனால்தான் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். திட்டாதே. முந்தாநாள், தொழிற்பேட்டைக்குப் பின்னால் வடநாட்டுப் பையன்கள் தங்கியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போனேன். ஒவ்வொரு கதவாகக் கேட்டு, சுதாமோடு ஒரே அறையில் இருந்தவனைக் கண்டுபிடித்தேன். "சுதாம் ஊர் போயிட்டான் அண்ணா. வேலை இல்ல. சும்மா இருக்கான்" என்று தமிழில் சொன்னான். எண்ணைக் கேட்டு வாங்கி வந்தேன். நேற்றுக் காலை, உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அந்த எண்ணுக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். "சுதாம்" என்றேன். ஆட்டுக்குட்டி கத்துகிற சத்தம் கேட்டது, யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. அவன் வந்தான். "நான் சதீஷ் அப்பா பேசுறேன். கும்மிடிப்பூண்டி" என்றேன். "சதீஷ்? சதீஷ் பாய்?" என்றான்.

அதற்குப்பிறகு அவன் இந்தியில் பேசினான். ரொம்ப நேரம் பேசினான். அதில் எனக்குப் புரிந்தது உன் பேர் மட்டும்தான். மூன்று தடவை சொன்னான். திட்டுகிறானா, உன்னை விசாரிக்கிறானா, என்ன நடந்தது என்று கேட்கிறானா, எனக்குத் தெரியவில்லை. குரல் உயரவில்லை. நான் "ஆமாம்பா, ஆமாம்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எதற்கு ஆமாம் சொன்னேனோ. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் அவன் ஒரு கேள்வி போல எதையோ கேட்டுவிட்டு நிறுத்தினான். பதிலுக்காகக் காத்திருந்தான். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பவும் அதையே கேட்டான், இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, எனக்குப் புரிய வேண்டும் என்று. அப்படியும் புரியவில்லை. பிறகு போன் கட்டாகிவிட்டது. அவன் வைத்தானா, என் விரல் பட்டுவிட்டதா, அதுவும் தெரியவில்லை.

அவன் எண்ணை இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். உனக்கு இந்தி தெரியும்.

அப்பா